அடம்பிடிக்கும் பூனைக்கு ஏற்ற அன்றாட உணவு: தேர்ந்தெடுப்பதும் பழக்குவதும்

வைத்த கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, மண் தள்ளி மூடுவது போல முன்னங்காலால் தரையைப் பறண்டிவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடும் பூனையை வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கடுவன் பூனை நாகர்கோவிலில் அவித்த சாளையும் சோறும் தின்று வளர்ந்தது. கருத்தடை அறுவைக்குப் பிறகு அதைச் சமச்சீரான உணவுக்கு மாற்ற நினைத்து, கடையில் வாங்கிய உலர் உணவை வைத்தபோது அது ஒரு வாய்கூட வைக்கவில்லை. “பசித்தால் தானே தின்னும், இரண்டு நாள் கண்டுகொள்ளாமல் விடு” என்று விவரம் தெரிந்தவர்கள் என்று நான் நம்பியவர்களே சொன்னார்கள். நானும் விட்டேன். இரண்டாம் நாள் மாலையில் அது கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. நல்லவேளையாக அன்றே மருத்துவரிடம் கொண்டுபோனோம்.

நாயிடம் ஓரளவு பலிக்கும் அந்த அறிவுரை பூனையிடம் ஆபத்தானது. பட்டினி கிடக்கும் பூனையின் உடல், தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது; அவ்வளவு கொழுப்பை வேகமாகக் கையாளும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லாததால், கொழுப்பு அங்கேயே தேங்கி, கல்லீரல் செயலிழக்கத் தொடங்குகிறது. இரண்டு மூன்று நாள் முழுப் பட்டினியே இதற்குப் போதுமானதாகிவிடலாம். குண்டான பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே, பூனையின் பிடிவாதத்தைப் பட்டினியால் முறிக்கக் கூடாது என்பதே இந்த வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு படிக்கும் அடிப்படை.

முதல் படி: அடமா, நோயா என்று பிரித்தறிதல்

பூனை வலியை வெளியே காட்டாத பிராணி. நேற்றுவரை ஆவலாகத் தின்ற உணவை இன்று திடீரென்று ஒதுக்கினால், அது பிடிவாதம் அல்ல என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். உண்மையிலேயே அடம்பிடிக்கும் பூனை, பிடித்த உணவைக் கண்டால் ஓடிவரும், எடை குறையாது, விளையாட்டும் தூக்கமும் மாறாது. நோயுற்ற பூனையோ, பிடித்த உணவையே அணுகிவிட்டுப் பின்வாங்கும்.

கிண்ணம்வரை ஆசையாக வந்து, ஒரு துண்டைக் கவ்வி, உடனே கீழே போட்டுவிட்டால் வாயைப் பார்க்க வேண்டும். ஈறு வீக்கம், பல் வேர் அரிப்பு, வாய்ப்புண் ஆகியவை பூனைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படுகின்றன. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்வதும், எச்சில் ஒழுகுவதும், வாய் நாறுவதும் அவற்றின் அடையாளங்கள். உதட்டை அடிக்கடி நக்கி, எச்சிலை விழுங்கிக்கொண்டே உணவைவிட்டு முகத்தைத் திருப்பினால் குமட்டல் இருக்கிறது என்று பொருள். மூக்கடைப்பு உள்ள பூனைக்கு வாசனை தெரியாது. வாசனை தெரியாத உணவைப் பூனை தொடாது. வயதான பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்து, அதிகமாகச் சிறுநீர் கழித்து, மெலிந்துகொண்டே வந்தால், சிறுநீரகத்தைப் பரிசோதிக்கும் இரத்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆண் பூனை மணல் தட்டில் மீண்டும் மீண்டும் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால், அது உணவு பற்றிய சிக்கலே அல்ல, ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கக்கூடிய அடைப்பு. இரவானாலும் மருத்துவரிடம் போக வேண்டும்.

வீடு மாறியது, புதிய பூனை வந்தது, தீபாவளி வெடிச்சத்தம், சித்திரை மாத வெயில் ஆகியவையும் பசியைக் குறைக்கும். இவை ஓரிரு நாளில் சரியாகும். ஆனால் முழுதாகச் சாப்பிடாத நேரம் 24 மணியைத் தாண்டினால், காரணம் தெரிந்திருந்தாலும் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். குட்டிகளுக்கு அந்த எல்லை 12 மணி நேரம்கூட இல்லை.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சோர்ந்து படுத்திருக்கும் பூனைக்குக் காய்ச்சல் என்று நினைத்து, வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைக் கிள்ளிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறித்து வெளியேற்ற முடியாது. ஒரே ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.

இரண்டாம் படி: ஒரு வாரக் குறிப்பேடு

நோய் இல்லை என்று தெரிந்த பிறகு, எதையும் மாற்றாமல் ஒரு வாரம் கவனிக்க வேண்டும். பூனை என்ன தின்கிறது, எத்தனை மணிக்குத் தின்கிறது, எவ்வளவு மிச்சம் வைக்கிறது என்பதை எழுதிவைக்கவும். அளவுக்குச் சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். எடை பார்க்கப் பூனையைத் தூக்கிக்கொண்டு எடை எந்திரத்தில் ஏறி, பிறகு தனியாக ஏறி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.

இந்தக் குறிப்பேட்டை வைத்த பலருக்கு, தங்கள் பூனை அடம்பிடிக்கவே இல்லை, அதற்குப் பசியே இல்லை என்பது தெரியவரும். ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு ஒரு நாளுக்கு 200 முதல் 240 கிலோ கலோரி போதுமானது. காலையில் பாட்டி ஊற்றும் 100 மில்லி பாலிலேயே 65 கிலோ கலோரி அளவுக்கு வந்துவிடுகிறது. அதாவது ஒரு நாள் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தப் பாலோடு தீர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் பிள்ளைகள் போடும் பிஸ்கட், பக்கத்து வீட்டில் மீன் கழுவும்போது கிடைக்கும் குடல், மாடியில் யாரோ வைக்கும் சோறு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நீங்கள் வைக்கும் கிண்ணத்தைப் பூனை முகர்ந்துவிட்டுப் போவதில் வியப்பில்லை. வீட்டில் உள்ள அனைவரிடமும், முடிந்தால் பக்கத்து வீட்டிலும் பேசி இதை ஒழுங்குபடுத்துவதே பாதி வேலை. பால் குடிக்கும் பூனைகளில் பலவற்றுக்கு வளர்ந்த பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுவதால், பாலை நிறுத்தியதும் இளகிய மலமும் சரியாகிவிடுவதைக் காணலாம்.

மூன்றாம் படி: பூனையின் உடல் எதைக் கேட்கிறது

பூனை ஊனுண்ணி, அதுவும் ஊன் இல்லாமல் வாழ முடியாத ஊனுண்ணி. நாய் எதையும் தின்று ஓரளவு சமாளித்துக்கொள்ளும். பூனையின் உடலோ, சில சத்துகளைத் தானாகச் செய்துகொள்ளும் வழியையே இழந்துவிட்டது. கேரட்டிலும் கீரையிலும் உள்ள நிறமியிலிருந்து வைட்டமின் ஏயைப் பூனையால் உருவாக்கிக்கொள்ள முடியாது. விலங்குக் கொழுப்பில் மட்டுமே போதுமான அளவு கிடைக்கும் அராக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலமும் அதற்கு உணவிலிருந்தே வர வேண்டும்.

இவற்றில் மிக முக்கியமானது டாரின் என்னும் சத்து. இது இறைச்சியிலும் மீனிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. டாரின் குறைந்தால் விழித்திரை சிதைந்து பூனை மெல்லப் பார்வையை இழக்கும். இதயத் தசை தளர்ந்து, இதயம் பலூன் போல விரிந்துவிடும். 1987-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியனும் உடன் ஆய்வாளர்களும், அந்த இதய நோயின் காரணம் டாரின் குறைபாடு என்றும், டாரின் கொடுத்தால் இதயம் மீள்கிறது என்றும் வெளியிட்டார்கள். கடைகளில் விற்ற உணவைத் தின்ற பூனைகளிடமே அந்தக் குறை இருந்தது. அதன் பிறகுதான் பூனை உணவு தயாரிப்பவர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள். அந்த இதய நோயும் வெகுவாகக் குறைந்தது.

ஆகவே, தயிர்ச்சோறு தின்று பூனை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் வாதிடுவதில்லை. அந்தப் பூனை வெளியே எலியும் பல்லியும் பிடித்துத் தின்றிருக்கும் என்று மட்டும் சொல்வேன். அடுக்ககத்தின் நான்காம் மாடியில் கதவு சாத்திய வீட்டுக்குள் வாழும் பூனைக்கு அந்த வாய்ப்பு இல்லை. சைவ வீடுகளில் பூனை வளர்ப்பவர்கள் இதைக் குழந்தை வளர்ப்பைப் போன்ற பொறுப்போடு எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் மீனோ கறியோ சமைக்க முடியாது என்றால், பொட்டலத்தில் வரும் பூனை உணவை வாங்கித் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். அதுவும் ஆகாது என்றால் பூனை வளர்ப்பதையே மறுபரிசீலனை செய்வது நல்லது. நாய் உணவையும் பூனைக்கு அன்றாட உணவாக வைக்கக் கூடாது. அதில் பூனைக்கு வேண்டிய அளவு புரதமும் டாரினும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பூனை தண்ணீரைத் தேடிக் குடிக்காது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் மூதாதை ஆப்பிரிக்க, மேற்காசிய வறண்ட நிலங்களின் காட்டுப்பூனை. இரையின் உடலில் உள்ள நீரே அதற்குப் பெரும்பங்கு. 4 கிலோ பூனைக்கு உணவிலும் கிண்ணத்திலுமாகச் சேர்த்து ஒரு நாளுக்குச் சுமார் 200 மில்லி நீர் வேண்டும். 60 கிராம் உலர் உணவில் 6 மில்லி நீர்தான் இருக்கும். 80 கிராம் ஈர உணவுப் பொட்டலம் இரண்டு கொடுத்தால், அதிலேயே 120 மில்லிக்கு மேல் நீர் போய்விடும். நம் ஊர் வெயிலில் இந்த வித்தியாசம் சிறுநீர்ப்பைக்குப் பெரிய உதவி.

நான்காம் படி: அடிப்படை உணவைத் தேர்ந்தெடுத்தல்

பொட்டலத்தின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்க வேண்டும். ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்ட்’ என்று அச்சிட்டிருந்தால், அது தனியாகவே நாள்தோறும் கொடுக்கத்தக்க முழு உணவு என்று பொருள். ‘காம்ப்ளிமென்டரி’, ‘ட்ரீட்’ என்று இருந்தால் அது நொறுக்குத் தீனி. குழாய் போன்ற உறையில் பிதுக்கிக் கொடுக்கும் கூழ் வகைகளில் பெரும்பாலானவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. பூனைகள் அவற்றை வெறியோடு நக்கும். அந்த வெறியைப் பார்த்து, இதையாவது தின்னட்டும் என்று அதையே மூன்று வேளையும் கொடுக்கத் தொடங்குவது, அடம்பிடிக்கும் பூனை வளர்ப்பவர்கள் செய்யும் மிகப் பொதுவான தவறு.

அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கமான ஆஃப்கோ வகுத்த தரத்தின்படி, நீர் நீக்கிய கணக்கில் வளர்ந்த பூனைக்கான உணவில் குறைந்தது 26 விழுக்காடும், குட்டிகளுக்கும் சினைப் பூனைக்குமான உணவில் குறைந்தது 30 விழுக்காடும் புரதம் இருக்க வேண்டும். நீர் நீக்கிய கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். ஈர உணவில் 9 விழுக்காடு புரதம், உலர் உணவில் 32 விழுக்காடு புரதம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து உலர் உணவே மேல் என்று முடிவு செய்யக் கூடாது. ஈர உணவில் 80 விழுக்காடு நீர். மிச்சமுள்ள 20-இல் 9 பங்கு புரதம் என்றால் அது 45 விழுக்காடு. உலர் உணவில் நீர் 10 போக மிச்சமுள்ள 90-இல் 32 பங்கு என்றால் ஏறத்தாழ 36 விழுக்காடுதான்.

என் பரிந்துரை இரண்டையும் கலந்து கொடுப்பது. ஈர உணவு மட்டுமே கொடுப்பது பூனைக்கு நல்லதுதான். ஆனால் மாதச் செலவு பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. உலர் உணவு மலிவு, கெடாமல் இருக்கும்; ஆனால் நீர் இல்லை, கலோரி செறிந்தது. காலையும் மாலையும் ஈர உணவு, இடையில் அளந்துவைத்த உலர் உணவு என்ற ஏற்பாட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு வகையும் பழகிய பூனை, ஒன்று கடையில் கிடைக்காமல் போகும் நாளிலும், நோயுற்று மருத்துவ உணவுக்கு மாற வேண்டிய நாளிலும் பட்டினி கிடக்காது.

கடைக்காரர் பெரிய மூட்டையைப் பிரித்துக் கிலோக் கணக்கில் கட்டிக் கொடுக்கும் உலர் உணவை வாங்காதீர்கள். அதில் தேதி இல்லை, பின்பக்க விவரம் இல்லை, எப்போது பிரித்தது என்பதும் தெரியாது. காற்றுப்பட்ட கொழுப்பு சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். நம் மூக்குக்குத் தெரிவதற்கு வெகு முன்பே பூனைக்கு அது தெரிந்துவிடும். சென்ற மாதம் தின்ற அதே உணவை இந்த மாதம் ஒதுக்குவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவுள்ள சிறு பையாக வாங்கி, அந்தப் பையோடே காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது நல்லது.

ஐந்தாம் படி: மீனையும் கறியையும் எங்கே வைப்பது

நம் ஊர்ப் பூனைக்கு மீன் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. சொல்லத் தேவையும் இல்லை. ஆனால் மீன் மட்டுமே என்றால் தீங்கு. சாளை, நெத்திலி போன்ற மீன்களில் தயமின் என்னும் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. பச்சையாக நாள்தோறும் தின்னும் பூனைக்கு அந்தச் சத்து வற்றி, தலை மார்பை நோக்கித் தொங்கும், நடை தள்ளாடும், வலிப்பும் வரும். வேகவைத்தால் நொதி அழிந்துவிடும். ஆகவே மீனை எப்போதும் அவித்து, முள் நீக்கி, உப்பும் மஞ்சளும் சேர்க்காமல் கொடுக்க வேண்டும். எண்ணெய்ச் சத்து மிகுந்த மீனையே எப்போதும் தின்றால் வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அழற்சியடையும். அந்தப் பூனையைத் தொட்டாலே வலியில் கத்தும்.

குழம்பு மீனையும் குழம்புச் சோற்றையும் கொடுக்கவே கூடாது. சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தச்சோகையை உண்டாக்கும். கருவாட்டில் உப்பு மிக அதிகம். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

எலும்பில்லாத கோழிக்கறியை அவித்துக் கொடுத்தால் போதுமே என்ற எண்ணமும் சரியல்ல. வெறும் கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. கறி மட்டுமே தின்று வளரும் குட்டியின் எலும்பிலிருந்து உடல் கால்சியத்தை எடுத்துக்கொள்வதால், நாற்காலியிலிருந்து குதித்தாலே கால் முறியும் நிலை வரும். கறியில் உள்ள டாரினும் வேகும்போது தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டாமல், ஆறவைத்து உணவின் மேல் ஊற்றிக் கொடுக்க வேண்டும். ஈரலைப் பூனை மிக விரும்பும் என்றாலும் அதை வாரத்தில் ஒரு முறை சிறு துண்டாக நிறுத்திக்கொள்ள வேண்டும். நாள்தோறும் ஈரல் தின்ற பூனைக்கு வைட்டமின் ஏ மிகுந்து கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும்.

வீட்டு உணவு முழு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் சமநிலை கெடாது. 4 கிலோ பூனைக்கு அது 20 கிலோ கலோரி. அவித்த கோழி நெஞ்சுக்கறியில் 12 கிராம், ஏறக்குறையக் கட்டைவிரல் நுனி அளவுத் துண்டு. இது மிகக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சிறு துண்டுதான் அடுத்து வரும் படிகளில் உங்கள் கையில் உள்ள மிகப் பெரிய கருவி. முழுதாக வீட்டுச் சமையலையே கொடுக்க விரும்புபவர்கள், கால்சியமும் டாரினும் வைட்டமின்களும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் அளவோடு எழுதி வாங்கிய பிறகே தொடங்க வேண்டும்.

ஆறாம் படி: உங்கள் பூனையின் விருப்பத்தைக் கண்டுபிடித்தல்

பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பிக்கு வேண்டிய மரபணு அதன் உடலில் செயலிழந்து கிடக்கிறது என்பதை 2005-இல் சுவையையும் வாசனையையும் ஆராயும் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தினர் கண்டறிந்தனர். நம் நாக்கில் ஆயிரக்கணக்கில் உள்ள சுவை மொட்டுகள் பூனைக்குச் சில நூறுதான். எனவே பூனை உணவை முதலில் மூக்கால் தேர்ந்தெடுக்கிறது. அடுத்து வாயில் படும் தன்மையால் தேர்ந்தெடுக்கிறது. சுவை அதற்குப் பிறகுதான்.

வாசனைக்கு வேண்டியது சூடு. இப்போது பிடித்த எலியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்த உணவு, பூனைக்கு என்றோ செத்த இரை. பொட்டலத்தைப் பிரிக்காமல் வெந்நீர்க் கிண்ணத்தில் ஐந்து நிமிடம் போட்டுவைத்து, மணிக்கட்டில் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாகக் கொடுத்துப் பாருங்கள். இந்த ஒன்றினாலேயே அடம் தீர்ந்த வீடுகளை நான் அறிவேன்.

தன்மை என்பது வாயில் படும் பதம். ஈர உணவில் மைய அரைத்த விழுது, சாற்றில் மிதக்கும் துண்டுகள், பாகு போல உறைந்தது என்று பல வகை உண்டு. கோழி, சூரை, ஆடு என்று சுவையை மாற்றிக்கொண்டே போவதைவிட, ஒரே சுவையில் மூன்று பதங்களை வாங்கிச் சோதிப்பது பயன் தரும். சாற்றை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை விட்டுவிடும் பூனை பெரும்பாலும் விழுதை விரும்பும். குட்டிப் பருவத்தில் ஒரே பதத்தை மட்டும் தின்று வளர்ந்த பூனைக்கு மற்றவை உணவாகவே தோன்றுவதில்லை. அதனால், இப்போது குட்டி வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் உலர் உணவு, விழுது, துண்டு எல்லாவற்றையும் பழக்கிவிடுவது பிற்காலத்துக்கு மிகப் பெரிய முதலீடு.

அகலமான, ஆழமில்லாத தட்டு நல்லது. பழைய பிளாஸ்டிக் கிண்ணம் பழைய வாடையைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் எவர்சில்வரோ பீங்கானோ ஏற்றது. மணல் தட்டுக்கு அருகிலும், சலவை எந்திரத்தின் பக்கத்திலும் உணவை வைத்தால் பூனை பாதியில் எழுந்து போகும். எறும்பு மொய்த்த உணவைப் பூனை தொடாது. தண்ணீர் ஊற்றிய பெரிய தட்டின் நடுவில் உணவுக் கிண்ணத்தை வைத்தால் எறும்பு ஏறாது. கிண்ணத்தைச் சுற்றி எறும்புச் சாக்பீஸால் கோடிடும் பழக்கம் வேண்டாம். அதில் உள்ள பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்து பூனைகளுக்கு நஞ்சு.

ஏழாம் படி: பழைய உணவிலிருந்து புதியதற்கு

பொட்டலங்களில் ஏழு நாளில் மாற்றும்படி அச்சிட்டிருப்பார்கள். சாதாரணப் பூனைக்கு அது சரி. அடம்பிடிக்கும் பூனைக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் நேரம் கூடத்தான் ஆகும்.

முதல் வாரம் உணவை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்ற வேண்டும். நாள் முழுதும் நிறைந்திருக்கும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, அதே பழைய உணவை மூன்று அல்லது நான்கு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் அரை மணி நேரம் வைத்து எடுக்கவும். வேளைக்கு வேளை மிதமான பசி வருவது நல்லது. அது பட்டினி அல்ல. இரண்டாம் வாரம், புதிய உணவில் ஒரு தேக்கரண்டியைத் தனித் தட்டில், பழைய உணவுக்குப் பக்கத்தில் வைக்கவும். தொடக்கத்திலேயே இரண்டையும் பிசைந்துவிட்டால், சில பூனைகள் இரண்டையும் சேர்த்தே வெறுத்துவிடும். தின்ன வேண்டும் என்பதில்லை. அந்த வாசனை உணவு நேரத்தோடு சேர்ந்த வாசனை என்று அதற்குப் பழகினால் போதும்.

மூன்றாம் வாரத்திலிருந்து கலக்கலாம். உலர் உணவை அம்மியிலோ மிக்ஸியிலோ பொடித்து, பூனைக்குப் பிடித்த மீனின் மேல் ஒரு சிட்டிகை தூவித் தொடங்கவும். அதை நக்கித் தின்றால் மூன்று நாளுக்கு ஒரு முறை சிறிது கூட்டவும். ஒரு கட்டத்தில் விகிதம் தலைகீழாகி, புதிய உணவின் மேல் மீன் பொடி தூவும் நிலைக்கு வந்துவிடும். எங்கள் கடுவன் ஏழாம் வாரத்தில் அந்த நிலைக்கு வந்தது; இடையில் இரண்டு முறை பின்வாங்கவும் நேர்ந்தது.

பின்வாங்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். வழக்கமாகத் தின்னும் அளவில் முக்கால் பங்குக்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து இறங்கினாலோ, 4 கிலோ பூனை இரண்டு வாரம் அடுத்தடுத்து 100 கிராம் இழந்தாலோ, முந்தைய வார விகிதத்துக்குத் திரும்பி, அங்கே ஒரு வாரம் நின்று, பிறகு மீண்டும் தொடங்க வேண்டும். எந்த நாளிலும் பூனை வெறும் வயிற்றோடு உறங்கப் போகக் கூடாது. புதியதைத் தொடவே இல்லை என்றால் இரவு வேளையில் பழைய உணவையே கொடுத்துவிடுங்கள்.

மாத்திரையை அன்றாட உணவில் ஒளித்துவைக்காதீர்கள். பூனை கசப்பை மிக நுட்பமாக உணரும். ஒரு முறை கசந்த உணவை மாதக் கணக்கில் ஒதுக்கும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருக்கும் நாள்களில் புதிய உணவை அறிமுகம் செய்யவும் வேண்டாம். தன் உடல் துன்பத்துக்கு அந்த உணவே காரணம் என்று பூனை முடிவு கட்டிவிட்டால், அதை மாற்ற நம்மால் ஆகாது. வாயைத் திறந்து திணிப்பதும் இதே விளைவைத்தான் தரும்.

எட்டாம் படி: அளவு

பொட்டலத்தில் 100 கிராமுக்கு எத்தனை கிலோ கலோரி என்று இருக்கும். உலர் உணவு பெரும்பாலும் 350 முதல் 400-க்குள் வரும். 80 கிராம் ஈர உணவுப் பொட்டலம் 60 முதல் 75-க்குள் வரும். 4 கிலோ பூனைக்குக் காலையும் மாலையும் ஒவ்வொரு பொட்டலமும், இடையில் 25 கிராம் உலர் உணவும் கொடுத்தால் ஏறத்தாழ 220 கிலோ கலோரி ஆகிறது. இதைத் தொடக்க அளவாக வைத்து, எடையைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், ஆனால் விரலால் லேசாகத் தடவினால் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு சற்றுக் குறுகியிருக்க வேண்டும். கருத்தடைக்குப் பிறகு பசி கூடும், தேவை குறையும். அந்த மாதங்களில் தராசைக் கைவிடாதீர்கள். வெயில் காலத்தில் ஈர உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பிரித்த பொட்டலத்தை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

ஒன்பதாம் படி: தொடர்ந்து கவனிப்பது

மாற்றம் முடிந்த பிறகும் வாரம் ஒரு முறை எடையும், நாள்தோறும் மணல் தட்டும் பார்க்க வேண்டும். உருவம் கொண்ட, அதிக நாற்றமில்லாத மலமும், பளபளப்பான மயிரும் உணவு ஒத்துப்போகிறது என்பதற்கு அடையாளம். ஓயாத அரிப்பு, காதோரம் மயிர் உதிர்வு, வாரக் கணக்கில் நீடிக்கும் இளகிய மலம் ஆகியவை இருந்தால் ஏதோ ஒரு புரதம் ஒவ்வாமல் இருக்கலாம். அதை நீங்களாகவே உணவை மாற்றி மாற்றிக் கண்டுபிடிக்க முயன்றால், பூனை மீண்டும் பழைய அடத்துக்குத் திரும்பிவிடும்.

காது மடலின் உட்புறமோ ஈறோ கண்ணின் வெள்ளைப் பகுதியோ மஞ்சள் நிறமாகத் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சென்னையில் வேப்பேரியிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. போகும்போது குறிப்பேட்டையும், உணவுப் பொட்டலத்தின் பின்பக்கப் புகைப்படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பூனை கடைசியாக எதை, எத்தனை கிராம், எத்தனை மணிக்குத் தின்றது என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.